14 நொடியில் கொட்டிவிடுகிறது: எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் பம்ப் போய்விட்டதா?

விடிகாலை

வணக்கம். என்னிடம் இருப்பது ஒற்றை பாய்லர் மெஷின், 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (தூள் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி), கிரைண்டர் தனி. வாங்கி மூன்று வருடம் ஆகப் போகிறது. இரண்டு வாரமாகக் காபி சரியாக வருவதே இல்லை. 18 கிராம் தூள் போட்டு அழுத்தி வைத்தால், பட்டனைத் தட்டிய 14 நொடியில் 36 கிராம் இறங்கிவிடுகிறது. முன்பு இதே அளவுக்கு 28 நொடி பிடிக்கும். மேலே நிற்கும் நுரை வெளுத்துப்போய், கோப்பையை எடுத்து மேசைக்கு வருவதற்குள் கலைந்துவிடுகிறது. வாயில் வைத்தால் முதலில் சுள்ளென்று புளிப்பு, பிறகு வெறும் தண்ணீர்.

கூடவே இரண்டு தொல்லை. போர்ட்டாஃபில்டர் விளிம்பில் தண்ணீர் கசிந்து கோப்பைக்கு வெளியே சொட்டுகிறது. பம்ப் சத்தமும் முன்னைவிடக் கரகரவென்று கேட்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பம்ப் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது. புது பம்ப் வாங்கி நானே மாற்றலாமா? மின் வேலை ஓரளவு தெரியும்.

பித்தளைப்பிடி

பம்ப் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பம்ப் தளர்ந்தால் காபி மெதுவாகச் சொட்டும், அல்லது வராமலே நிற்கும். உங்களுக்கு நேர்மாறாக, வேகமாகக் கொட்டுகிறது. தண்ணீரைத் தள்ளும் பக்கம் வேலை செய்கிறது, அதைத் தடுத்து நிறுத்தவேண்டிய தூள்தான் நிறுத்தவில்லை.

இதில் பலருக்கும் குழப்பம் உண்டு. வீட்டு மெஷின் பெட்டியில் 15 பார் (பிரஷரின் அளவு) என்று போட்டிருப்பார்கள். அது பம்ப் எட்டக்கூடிய உச்சம். காபி இறங்க வேண்டியது சுமார் 9 பாரில். 1961இல் வந்த ஃபேமா ஈ61 மெஷின் மின்பம்பை வைத்து அந்த 9 பாரை நிலையாகக் கொடுத்தது. இன்றும் அதுதான் வழக்கம். ஆனால் பம்ப் மட்டும் ஓடினால் பிரஷர் வந்துவிடாது. எதிரே அழுத்திய தூள் தண்ணீரை மறித்தால்தான் பிரஷர் ஏறும். தூள் வழிவிட்டால் எந்த பம்ப் இருந்தும் பயனில்லை.

இரண்டு சோதனை செய்துவிட்டு வந்து எழுதுங்கள். முதலில் போர்ட்டாஃபில்டரைக் கழற்றிவிட்டு, தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து 30 நொடி தண்ணீர் விடுங்கள். சீராக விழுகிறதா, விட்டுவிட்டு வருகிறதா, மேலே உள்ள சல்லடைத் தகடு முழுவதிலிருந்தும் விழுகிறதா என்று பாருங்கள். அடுத்தது, காபி முடிந்ததும் 'புஸ்' என்று பிரஷரை வெளியேற்றும் மெஷின் என்றால் மட்டும், துளையில்லாத பாஸ்கெட்டை (போர்ட்டாஃபில்டருக்குள் தூள் நிற்கும் கிண்ணம்) போட்டு 10 நொடி ஓட்டுங்கள். பம்ப் சத்தம் கனத்து அடங்க வேண்டும். அதிகப் பிரஷரை வெளியேற்றும் வால்வு உள்ள மெஷின் என்றால், மீதித் தண்ணீர் சின்னக் குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பி விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்துவிட்டால் பம்ப் மேல் சந்தேகமே வேண்டாம்.

அளவுத்தராசு

அதோடு மூன்று கேள்வி. கொட்டை வறுத்த தேதி என்ன? பாஸ்கெட்டின் அடியில் நிறையத் துளைகளா, ஒரே ஒரு துளையா? இந்த இரண்டு வாரத்தில் கிரைண்டரையோ கொட்டையையோ மாற்றினீர்களா?

விடிகாலை

உடனே பதில் எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. 30 நொடியில் 210 கிராம் தண்ணீர் வந்தது, விட்டுவிட்டு வரவில்லை. ஆனால் வலது பக்கம் நன்றாக விழுகிறது, இடது பக்கம் ஏறக்குறைய காய்ந்தே இருக்கிறது. இதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. துளையில்லாத பாஸ்கெட் போட்டபோது சத்தம் அடங்கியது, தொட்டிக்குள் தண்ணீர் திரும்பி விழுந்தது.

பாஸ்கெட்டில் நிறையத் துளைகள். கொட்டை புதுப் பை. இப்போதுதான் பையைத் திருப்பிப் பார்க்கிறேன்: வறுத்து நான்கு மாதம் ஆகியிருக்கிறது. பையை உடைத்தது சரியாக இரண்டு வாரத்துக்கு முன்பு.

அளவுத்தராசு

அங்கேதான் பாதி விடை. கொட்டையை வறுக்கும்போது உள்ளே கார்பன் டை ஆக்சைடு தங்கிவிடும். பிரஷரில் தண்ணீர் பாயும்போது அந்த வாயுதான் மேலே நுரையாக நிற்கிறது. நாள் போகப் போக வாயு வெளியேறிவிடும். நான்கு மாதப் பழைய கொட்டையில் நுரைக்கு மூலப்பொருளே இல்லை. தண்ணீரை மறிக்கும் தன்மையும் குறைந்துவிடும். அதனால் கிரைண்டரை முன்பு வைத்திருந்த இடத்திலேயே வைத்தாலும் காபி வேகமாக ஓடும்.

மிகப் புதிய கொட்டையும் சரிப்படாது. வறுத்து இரண்டு மூன்று நாளில் போட்டால் வாயு பொங்கி, காபி தெறித்துத் தெறித்து வரும். ஒரு வாரம் விட்டுத் தொடங்கி நான்கைந்து வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குள் முடிக்க முடியாவிட்டால் சின்னச் சின்னக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு உறைநிலையில் வையுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துத் திரும்ப வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும்.

புதுக் கொட்டை வந்ததும் இன்னும் நைசாக அரைத்துப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு படி. பெரும்பாலான கிரைண்டர்களில் நைசுப் பக்கம் திருப்பும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றிருக்கும்போது திருப்பினால் பற்களுக்கு இடையே தூள் சிக்கி இறுகும். திருப்பியதும் வரும் முதல் இரண்டு மூன்று கிராம் பழைய அளவில் அரைத்து உள்ளே தங்கியிருந்தது. அதைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். இதைச் செய்யாமல், திருப்பியும் மாறவில்லையே என்று மேலும் திருப்பி, கடைசியில் ஒரு சொட்டுகூட இறங்காமல் அடைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

தூள் 18 கிராம், காபி 36 கிராம் என்பதை நிலையாக வைத்துக்கொண்டு அரைப்பை மட்டும் மாற்றுங்கள். இரண்டு விஷயத்தைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நீராவிக்குழல்

இழைக்கு நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் இங்கேயே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஸ்டீம் குழாயில் ஆவி மெல்லிசாகத்தான் வருகிறது. பால் சூடாவதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது, நுரையோ பெரிய பெரிய குமிழி. ஒற்றை பாய்லர்தான்.

மூன்றாம்_கோப்பை

முனையில் உள்ள துளைகளை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பால் உள்ளே ஏறிக் காய்ந்து, நான்கு துளையில் இரண்டு அடைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மெஷினை அணைத்து, குழாய் ஆறியதும் முனையைத் திருகிக் கழற்றி, கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய ஊசியால் குத்தி எடுங்கள். பால் காய்ச்சி முடித்த அந்த நொடியே ஈரத்துணியால் துடைத்து, ஆவியை ஒருமுறை திறந்து மூடினால் இது திரும்ப வராது.

துளைகள் சுத்தமாக இருந்தும் ஆவி மெலிந்தால், பாய்லர் போதிய சூடு ஏறுவதற்கு முன்பே திறக்கிறீர்கள் என்று பொருள். ஒற்றை பாய்லரில் ஸ்டீம் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரியும் வரை காத்திருங்கள். முதலில் வரும் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, காய்ந்த ஆவி வரத் தொடங்கியதும் பாலில் இறக்குங்கள். முனை பாலின் மேற்பரப்பை ஒட்டி இருக்கும்போது துணி கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம் வர வேண்டும். சில நொடிதான் அந்தச் சத்தம். பிறகு கொஞ்சம் உள்ளே இறக்கி, பால் சுழலும்படி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்டீம் போட்ட உடனே காபி எடுக்காதீர்கள். பாய்லர் 120 டிகிரிக்கு மேல் இருக்கும், தூள் கருகிக் கசக்கும். சீறல் அடங்கும் வரை தண்ணீரை வெளியேற்றிவிட்டு எடுங்கள்.

விடிகாலை (ஐந்து நாள் கழித்து)

வறுத்துப் பத்து நாளான கொட்டை கிடைத்தது. மூன்று படி நைசாக்கினேன். இப்போது 23 நொடி. நுரை திரும்ப வந்துவிட்டது, அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் சுவை இன்னும் சரியில்லை. ஒரே வாயில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருகிறது. தூளைத் தட்டி எடுத்தால், அழுத்திய தூள் வட்டின் வலது ஓரத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு குழி, இடது பக்கம் கெட்டியாக, வெளிறாமல் அப்படியே இருக்கிறது. கசிவும் நிற்கவில்லை.

மூன்றாம்_கோப்பை

புளிப்பு மட்டும் என்றால் சாறு போதிய அளவு இறங்கவில்லை, கசப்பு மட்டும் என்றால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. இரண்டும் ஒன்றாக வந்தால் தண்ணீர் ஒரே பக்கம் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்த வாய்க்கால் ஓரத்துத் தூள் கசப்பு வரை கழுவப்படுகிறது, மறுபக்கத் தூள் நனைந்ததோடு சரி. உங்கள் குழி அதைத்தான் காட்டுகிறது.

இதற்கு வழக்கமான காரணம் தூள் கட்டி கட்டியாக விழுவதும், தூளை அழுத்தும் டேம்பரைச் சாய்த்து அழுத்துவதும். மெல்லிய கம்பிகளை ஒரு தக்கையில் குத்தி, பாஸ்கெட்டில் உள்ள தூளை அடிவரை கிளறிச் சமப்படுத்தினால் கட்டி உடையும். அப்புறம் அழுத்தும்போது எவ்வளவு பலம் என்பது முக்கியமில்லை. இனி இறங்காது என்று கை உணரும் வரை, சாயாமல், நேராக அழுத்தினால் போதும். அழுத்தியபின் போர்ட்டாஃபில்டரின் ஓரத்தில் தட்டாதீர்கள், வட்டு விளிம்பில் பிளந்து புது வாய்க்கால் உண்டாகும்.

பித்தளைப்பிடி

மூன்றாம்_கோப்பை சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் அது மட்டும் போதாது. முதல் சோதனையில் இடது பக்கம் தண்ணீரே விழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தூள் போடாமலே ஒரு பக்கம் காய்ந்திருந்தால் தவறு தூளில் இல்லை, மேலே உள்ள சல்லடைத் தகட்டில். மூன்று வருடத்தில் அதை ஒருமுறையாவது கழற்றியிருக்கிறீர்களா? கசிவுக்கும் மருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது, ஒரே வேலையாக முடித்துவிடலாம்.

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முழுதாக ஆறவிடுங்கள். போர்ட்டாஃபில்டர் மாட்டும் தலைப்பகுதியான குரூப் ஹெட்டுக்கு அடியில் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் சல்லடை நடுவில் ஒரு ஸ்க்ரூ தெரியும். அதன் தலையில் காபிப் பசை இறுகியிருக்கும். முதலில் குச்சியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். சின்ன டிரைவரை வைத்துத் திருப்பினால் தலை மழுங்கிவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். சில மெஷின்களில் ஸ்க்ரூவே இருக்காது, சல்லடை கேஸ்கட்டோடு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சேர்ந்து செருகியிருக்கும்.

சல்லடையை எடுத்ததும் அதற்கு மேலே ஒரு தண்ணீர் பரப்பும் தட்டு இருக்கும். இரண்டையும் காபி எண்ணெய் நீக்கும் பொடி கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள். அது ஊறும் நேரத்தில் கேஸ்கட்டைப் பாருங்கள். நகத்தால் அழுத்துங்கள். புது கேஸ்கட் நகத்துக்கு அமுங்கிக் கொடுக்கும். பழையது வெந்து வெந்து பிளாஸ்டிக் போல இறுகி, நகத்தை வாங்கவே வாங்காது. போர்ட்டாஃபில்டரின் கைப்பிடி முன்பு நேர் முன்னே நின்று, இப்போது வலப்பக்கம் தாண்டிப் போகிறது என்றால் அதுவும் அதே அடையாளம்.

இறுகிப்போன கேஸ்கட் முழுசாக வராது. ஒரு குத்தூசியை அதில் செங்குத்தாகக் குத்தி நெம்பினால் துண்டு துண்டாக வரும். பித்தளைப் பக்கம் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு அழுக்கை எல்லாம் சுரண்டி எடுத்தபின்தான் புதிது உட்காரும். வாங்கும்போது விட்டம் மட்டும் பார்த்தால் போதாது, கனமும் பொருந்த வேண்டும்: 8 மில்லிமீட்டரும் 8.5 மில்லிமீட்டரும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கைப்பிடி நிற்கும் இடம் மாறிவிடும். சிலிக்கோன் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ரப்பரைப் போல வெந்து இறுகாது.

எலுமிச்சை_உப்பு

மூன்று வருடம் என்கிறீர்கள், உள்ளே உப்புப் படிந்துதான் இருக்கும். கையோடு டீஸ்கேல் செய்துவிடுங்கள். நான் மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றி ஓட்டிவிடுவேன்.

பித்தளைப்பிடி

இதில் நான் மாறுபடுகிறேன். வினிகர் வேண்டாம். அதன் வாடை குழாயிலும் ரப்பரிலும் தங்கி, நாள்கணக்கில் காபியில் வரும். சிட்ரிக் ஆசிட் என்றால் லிட்டருக்கு 20 கிராம் போதும். அதையும் கொதிக்கவிடக் கூடாது. சூடு ஏறினால் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவமாக மாறிவிடும். பாய்லர் அலுமினியமா பித்தளையா என்று தெரிந்துகொள்ளாமல் எந்த அமிலத்தையும் ஊற்றாதீர்கள். அலுமினியத்தில் அமிலம் நெடுநேரம் நின்றால் உலோகத்தையே அரித்துக் கறுக்க வைக்கும்.

மாதம் ஒருமுறை என்ற கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்கும் பட்டைகள் இருக்கின்றன, நனைத்துப் பார்த்தால் நிறம் சொல்லிவிடும். மென்மையான தண்ணீருக்கு டீஸ்கேல் ஏறக்குறைய தேவையே இல்லை. கடினமான தண்ணீர் என்றால் பிறகு கழுவுவதைவிட முதலிலேயே தண்ணீரை மாற்றுவது மேல். பல வருடப் படிவை ஒரே நாளில் கரைக்கப்போய், பெயர்ந்து வந்த துண்டு வால்வில் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுபோனதை என் வீட்டிலேயே பார்த்தேன். அந்தச் சின்ன வால்வைப் பிரித்து, அரிசிமணி அளவு வெள்ளைத் துகளை ஊசியால் எடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது.

எலுமிச்சை_உப்பு

வால்வு அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. அப்படியானால் உப்பே இல்லாத காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

அளவுத்தராசு

வெறும் வடிநீரில் காபி தட்டையாக, உயிரில்லாமல் இருக்கும். சில பாய்லர்களில் தண்ணீர் மட்டத்தை அறியும் கம்பி, தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் வேலை செய்கிறது. வடிநீரில் மின்சாரம் சரியாகக் கடக்காததால், தண்ணீர் நிறைந்திருந்தும் இல்லை என்று எடுத்துக்கொண்டு நிரப்பிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்தால் இந்த இரண்டும் தீரும். கால்சியம் இல்லாததால் உப்பும் படியாது, அரிப்பும் குறையும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இரவுக்_கோப்பை

ஒரு அவசரக் கேள்வி. மெஷினைப் போட்டதும் நான்கைந்து நிமிடத்தில் வீட்டின் மின்கசிவு பிரேக்கர் விழுந்துவிடுகிறது. வேறு பிளக்கில் போட்டாலும் அப்படித்தான். பிரேக்கரைத் தவிர்த்து நேரடி லைனில் போட்டுப் பார்க்கலாமா?

பித்தளைப்பிடி

கூடவே கூடாது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூடேறியபின் விழுகிறது என்றால், ஹீட்டரின் வெளியுறை அரித்து விரிசல் விட்டிருக்கலாம், அல்லது எங்கிருந்தோ சொட்டும் தண்ணீர் மின் இணைப்பில் படலாம். மெஷினின் உலோக உடலில் மின்சாரம் கசிகிறது என்று அந்த பிரேக்கர் எச்சரிக்கிறது. ஈரக்கையோடு அந்த உடலைத்தான் தொடுவீர்கள். இதைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துப் பாருங்கள். அதேபோல, ஹீட்டரோடு இணைந்த வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியால் இணைத்துவிடும் வழக்கம் வீட்டையே எரித்துவிடும்.

விடிகாலை (ஒன்பது நாள் கழித்து)

நேற்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து செய்தேன். விவரமாக எழுதுகிறேன், அடுத்து வருபவருக்கு உதவும்.

சல்லடை ஸ்க்ரூ மூன்றாவது முயற்சியில் அசைந்தது. தகடு கையில் வந்து விழுந்ததும் உள்பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இடது பாதி முழுக்கத் தார் பூசிய மாதிரி கறுப்பு. கத்தி முனையால் எடுத்தால் மெழுகுபோலச் சுருண்டு வந்தது. முகர்ந்தால் பழைய எண்ணெயின் காறல் வாடை. தினமும் இதன் வழியாக வந்த தண்ணீரைத்தான் குடித்திருக்கிறேன், வந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். பொடி கலந்த வெந்நீரில் போட்டதும் தண்ணீர் பழுப்பாகி, பிறகு கறுத்துவிட்டது. இரண்டு முறை தண்ணீரை மாற்றினேன். தகட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது எல்லாத் துளையும் ஊசிமுனை நட்சத்திரம்போலத் தெரிந்தன.

கேஸ்கட் ஐந்து துண்டாக வந்தது, நகம் பதியவே இல்லை. புது சிலிக்கோன், 8.5 மில்லிமீட்டர். இப்போது கைப்பிடி நேர் முன்னால் நிற்கிறது. கசிவு அறவே இல்லை.

பம்ப் சத்தத்துக்கும் காரணம் கிடைத்தது. தொட்டிக்குள், உறிஞ்சும் குழாயின் முனையில் தண்ணீரை மென்மையாக்கும் ஒரு சிறிய வடிகட்டி செருகியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை. அதைக் கழற்றியதும் கரகரப்பு போய்விட்டது. அடைத்துப்போன வடிகட்டி வழியாக இழுக்க முடியாமல் பம்ப் திணறியிருக்கிறது.

இன்று காலை: 18 கிராம், 36 கிராம், 28 நொடி. வட்டில் குழி இல்லை. ஒரே ஒரு குறை, முதல் கோப்பை கொஞ்சம் புளிக்கிறது, இரண்டாவது அருமை.

மூன்றாம்_கோப்பை

படிக்கும்போதே மனம் நிறைந்தது. முதல் கோப்பைப் புளிப்பு சூடு பற்றாததால். விளக்கு எரிந்தால் பாய்லர் தண்ணீர் தயார், அவ்வளவுதான். குரூப் ஹெட்டும் போர்ட்டாஃபில்டரும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். 93 டிகிரி தண்ணீர் அவற்றைத் தொட்டதும் சூட்டை இழந்துவிடும். போர்ட்டாஃபில்டரை மாட்டியபடியே 20, 25 நிமிடம் விடுங்கள். அவசரம் என்றால் தூள் போடாத பாஸ்கெட்டோடு ஒரு கோப்பை வெந்நீரை இரண்டு முறை ஓட்டுங்கள், கோப்பையும் சூடாகிவிடும்.

பித்தளைப்பிடி

இனி சல்லடை அந்த நிலைக்குப் போகாமல் இருக்க ஒரு வழி. காபி முடிந்ததும் உங்கள் மெஷினில் 'புஸ்' என்று பிரஷர் கழிவுத்தட்டுக்குள் இறங்குகிறதா? இறங்கினால் மூவழி வால்வு இருக்கிறது, பேக்ஃபிளஷ் (பொடி கலந்த தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளிக் கழுவுவது) செய்யலாம். துளையில்லாத பாஸ்கெட்டில் அரை டீஸ்பூன் பொடி, 10 நொடி ஓட்டம், 10 நொடி நிறுத்தம், ஐந்து முறை. பிறகு பொடி இல்லாமல் அதையே ஐந்து முறை. வாரம் ஒருமுறை போதும். 'புஸ்' இல்லாத மெஷினில் இதைச் செய்யாதீர்கள், பிரஷர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். போர்ட்டாஃபில்டரைத் திறக்கும்போது வெந்நீர் முகத்தில் தெறிக்கும்.

விடிகாலை

'புஸ்' இருக்கிறது. இன்று இரவே செய்கிறேன். மென்மையாக்கும் வடிகட்டியும் இரண்டு வாங்கிவிட்டேன், மாற்றிய தேதியைத் தொட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளைக்குக் காலையில் 25 நிமிடம் முன்கூட்டியே போட்டுவிட்டு முதல் கோப்பை எப்படி என்று எழுதுகிறேன்.

விடிகாலை (மறுநாள்)

29 நொடி. புளிப்பு இல்லை.